எந்தப் பசை

ஈரத்துணியை விரித்துப் போட்டுவிட்டு வடிவு நாற்காலியில் உட்கார்ந்தாள். பழைய வேட்டியில் கிழித்த துண்டு. நனைத்து, முறுக்கிப் பிழிந்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் உதறி, படத்தின் நடுவே அந்தச் சாம்பல் நிறத் துண்டின் மேல் மட்டும் படியும்படி போட்டிருந்தாள். இனிக் காத்திருக்க வேண்டியதுதான். ஒட்டினதைப் பிரிக்க அவசரப்படக் கூடாது வடிவக்கா, ஈரம் மெல்ல மெல்லக் கீழே இறங்கணும், பசை வரைக்கும் போகணும், மாவுப் பசைன்னா அதுவே இளகிக் குடுத்திடும், பிளேடு முனையை நுழைச்சா விளிம்பு எழும்பி வரும் என்று காகிதத் துண்டுகளை ஒட்டிப் படம் செய்கிற ஒட்டுப்பட வகுப்பு நடத்துகிற எஸ்தர் சொல்லியிருந்தாள். வெள்ளைப் பசைன்னா? வெள்ளைப் பசைன்னா மறந்திடுங்க, பலகையோடதான் வரும் என்று சிரித்தாள். திரும்ப வேணும்னு நினைக்கிறதை மாவுல ஒட்டுங்க, வேண்டாம்னு நினைக்கிறதை வெள்ளையில ஒட்டுங்க. அவ்வளவுதான் அவள் சொன்ன சட்டம். சட்டம் வடிவுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு எதைத் தொட்டுத் தடவினோம் என்பதுதான் தெரியவில்லை. மைதாவைக் காய்ச்சினது நினைவிருக்கிறது. அடுப்பைச் சிறிதாக வைத்து, கண்ணாடி மாதிரி ஆகிறவரை கிண்டி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டு, ஆறின பிறகு மேலே படிந்த ஏட்டை எடுத்தெறிந்தது வரைக்கும் கண் முன்னால் நிற்கிறது. ஆனால் அது அன்றைக்கா, முந்தின நாளா? வெள்ளைப் பசை பாட்டிலின் மூடி காய்ந்து இறுகி, பல்லால் கடித்துத் திறந்ததும் நினைவிருக்கிறது. அது எந்த நாள்? இரண்டையும் ஒரே நாளில் செய்திருக்கலாமே. படத்தில் வானத்துக்கு ஒன்று, கொடியில் காயும் துணிகளுக்கு ஒன்று. அந்தத் துண்டுக்கு எது? மாவுதான். மாவாகத்தான் இருக்க வேண்டும். வேறு எதையும் தடவ மனசு வந்திருக்குமா? இல்லை, மனசு என்ன, மனசு அந்த நேரத்தில் எங்கே இருந்தது. கைதான் இருந்தது. துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் அப்படியே இருந்தது. இப்போதுதானே போட்டோம் என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள். சாயந்திரம் எஸ்தர் அனுப்புகிற வண்டி வரும், தேர்வாகி அவரவர் வீட்டில் இருக்கிற படங்களை மதுரைக்கு ஏற்றிக்கொண்டு போகும், அங்கே பெரிய ஹாலில் மாட்டுவார்கள். அதற்கு முன்னால் உலகம்மாள் மதினி வருவாள். வீட்டுக்காரரின் அக்கா. செத்துப்போன மகளின் போட்டோவைத் திரும்ப வாங்கிப் போக வருவாள். அந்தப் போட்டோவின் பாதி இந்தத் துணிக்கு அடியில் இருக்கிறது.

பாதி. அப்படிச் சொன்னால் ஏதோ நடுவே மடித்துக் கிழித்த மாதிரி இருக்கிறது. கழுத்தோடு வெட்டியிருந்தாள். பிளவுஸ் வெட்டுகிற அதே கத்தரி, அதே கை, கழுத்து வளைவை ஒரே ஓட்டத்தில் வெட்டி எடுத்தது. இருபது முப்பது வருஷமாகக் கழுத்து வெட்டுகிற கைக்கு அது ஒரு கவுன், அதற்கு ஒரு கழுத்து, அவ்வளவுதான். எட்டாவதோடு படிப்பு நின்ற பிறகு கையில் கொடுத்தது கத்தரியைத்தான். எஸ்தர்கூட பிளவுஸ் தைக்கத்தான் வந்தாள். அளவு வெட்டி வைத்திருந்த பழைய செய்தித்தாள் துண்டுகளைப் பார்த்து, இதை எல்லாம் தூரப் போட்டிராதீங்க, சனிக்கிழமை எங்க மாடிக்கு வாங்க என்றாள். முதல் நாள் கத்தரியைப் பிடுங்கி வைத்துவிட்டாள். விரலால கிழிங்க. தன் பக்கமா இழுத்துக் கிழிச்சா ஓரத்துல வெள்ளை தெரியும், அந்தப் பக்கமாத் தள்ளிக் கிழிச்சா தெரியாது, எது வேணும்னு நீங்க முடிவு பண்ணணும். வடிவுக்கு எல்லாவற்றிலும் அந்த வெள்ளை ஓரம் பிடித்துப்போயிற்று. கல்யாணப் பத்திரிகை, விதைப் பாக்கெட், சேலைக் கடை விளம்பரம், மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள், எல்லாம் கிழிபட்டு வேறொன்றாக ஆயின. ஒட்டுவதற்கு முன்னால், எஸ்தர் சொன்னபடி, சும்மா பரப்பி வை, போனில் படம் எடுத்து வை, கண்ணைப் பாதி மூடிப் பார், உருவம் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும், எங்கே கனம் குறைகிறது என்று அப்போது தெரியும். பசை தடவினதும் கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய், காற்று நிற்கக் கூடாது. மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு அரிசி மூட்டையை வை. கரண்டி, அரிசி மூட்டை என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்த சாமான்களாகவே இருந்தன. மொட்டைமாடிக் கொடியில் காயும் துணிகள், அதுதான் அவள் போட்ட படம். காலண்டர் தாளை ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து நீலத்தைப் பாதி எடுத்துவிட்டாள். உச்சி வெயிலில் வானம் அப்படித்தான் இருக்கும், நீலமாகவே இருக்காது. கொடிக்கு நிஜமான நூல். சேலைகளுக்குப் பத்திரிகைத் தாள். எல்லாம் சரியாக இருந்தது, நடுவில் ஓர் இடத்தைத் தவிர. கண்ணைப் பாதி மூடிப் பார்க்கிறபோதெல்லாம் அந்த இடம் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. சிறிதாக ஒன்று வேண்டும். சாம்பல் நிறத்தில், பழசாக, புள்ளி போட்டு. எங்கே பார்த்தோம் அப்படி ஒன்றை என்று யோசித்தாள். பார்த்தது தையல் மெஷின் இழுப்பறையில். பிறகு அந்த இழுப்பறையைத் திறக்காமல் இருக்க முடியவில்லை.

ஆவுடை. வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்வதில்லை, கன்னி என்பார்கள், நம்ம வீட்டுக் கன்னி. வடிவு கல்யாணமாகி வருவதற்கு முந்தின வருஷம் மூளைக்காய்ச்சலில் போன பிள்ளை, அஞ்சு வயசு. அதன் பிறகு உலகம்மாள் மதினிக்கு வேறு பிள்ளை இல்லை. வடிவின் கல்யாணத்தில் எல்லாரும் மேடையில் ஏறிப் போட்டோவுக்கு நின்றபோது மதினி மட்டும் பந்தியில் இலை எடுக்கப் போய்விட்டாள். வருஷா வருஷம் அவளைத் தெய்வமாகக் கும்பிடுகிற படைப்பு நாளில் ஓலைப் பெட்டியிலிருந்து பழைய உடுப்பை எடுத்துவிட்டுப் புது உடுப்பு வைத்துச் சர்க்கரைப் பொங்கல் படைப்பார்கள். அந்தப் புது உடுப்பை வந்த வருஷத்திலிருந்து வடிவுதான் தைக்கிறாள். மற்றப் பிள்ளைகளுக்கு அளவு மாறும், தையலைப் பிரித்து விட வேண்டும், மடிப்பைத் தழைக்க வேண்டும். இவளுக்கு எப்போதும் அதே தோள், அதே இடுப்பு. அளவு நாடாவே வேண்டாம், கண்ணை மூடி வெட்டலாம். ஒரு நாள்கூடப் பார்க்காத பிள்ளையின் உடம்பு அவள் கைக்குத் தெரியும். இந்த வருஷம் மதினி போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிளவுஸுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள், எடுத்துக் கொடுக்கும்போது அது சூடாக இருந்தது. ஏட்டி, படத்துல இருக்க மாதிரியே புள்ளி வச்ச கவுனா தையி, ஒனக்குத்தான் கடைகண்ணி எல்லாம் தெரியும், அப்படியே இதைப் பெருசாக்கிச் சட்டம் போட்டுக் குடு, பத்திரம், இது ஒண்ணுதான் இருக்கு. பத்திரம் என்று சொன்னாள். வடிவு பத்திரமாகத்தான் வைத்தாள். பெரிதாக்கவும் கொடுத்தாள், சட்டமும் போட்டாயிற்று, கவுனும் தைத்தாயிற்று. சொன்னதை எல்லாம் செய்தாயிற்றே என்று ஒரு குரல் அவளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. கடன் தீர்த்தவள் பேசுகிற மாதிரி. போன வாரம் பால் இரண்டு தரம் திரிந்தது. மெஷின் ஊசி காரணமில்லாமல் ஒடிந்து அவள் கண்ணாடியில் தெறித்தது. வெயில் காலத்தில் பால் திரியத்தான் செய்யும், ஊசி ஒடியத்தான் செய்யும். ஆனாலும் சாயங்காலம் விளக்கேற்றும்போது கன்னி நிற்கிற மூலையை நிமிர்ந்து பார்க்காமல் ஏற்றுகிறாள். பயம் கன்னியிடமா, மதினியிடமா என்று கேட்டால் மதினியிடம்தான். கன்னிக்கு வருஷத்துக்கு ஓர் உடுப்பு தைத்துக் கொடுத்துப் பழகியாயிற்று. மதினியின் பிளவுஸுக்குள் இருந்த சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

துணியைத் தூக்கிப் பார்க்கலாமா? வேண்டாம், இன்னும் கொஞ்சம் ஊறட்டும். மூலப்படத்தை ஒரு நாளும் வெட்டக் கூடாது என்று எஸ்தர் வகுப்பில் தலைதலையாய் அடித்துக்கொள்வாள். நகல் எடுங்க, நகலை வெட்டுங்க. வடிவு நகல் எடுக்காமலா இருந்தாள்? கம்ப்யூட்டர் கடையில் எடுத்து வந்து, வெட்டி, பசை தடவின உடனே மை கரைந்து ஓடிற்று. புள்ளிகள் எல்லாம் ஊதாவாக வழிந்து கவுன் அழுத முகம் மாதிரி ஆயிற்று. மெஷினில் இரண்டு ஜாதி இருக்கிறதாம், ஒன்று கரையும், ஒன்று கரையாது. அது அவளுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் படத்தைக் கொடுக்க வேண்டும். இன்னொரு கடைக்கு ஓடியிருக்கலாம். ஓடியிருக்கலாமே, மழையா பெய்தது? பெரிதாக்கித் திரும்பி வந்த அசல் அங்கே மேசை மேல் கிடந்தது, அதன் சாம்பல் நகலில் இருந்ததைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது, அதுதான் உண்மை. சும்மா வைத்து மட்டும் பார்ப்போம் என்று கொடிக்குக் கீழே வைத்தாள். கண்ணைப் பாதி மூடினாள். ஓட்டை அடைபட்டுவிட்டது. அதுவும் அந்தத் தோளில் நாலு சின்ன வெளுத்த கோடு, கொடியில் துணிக்கு மாட்டின கிளிப் மாதிரியே. பிறகு கத்தரி எப்போது வந்தது? அது கிளிப் இல்லை, விரல் என்று தெரியாமலா வெட்டினாய் என்று இப்போது கேட்டுக்கொண்டாள். தெரியும். உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளையைப் பின்னால் மறைந்து நின்று பிடித்த கை. மதினியின் கை. தெரிந்தே இருந்தது, கண்ணைப் பாதி மூடினதில் அது தெரியாமல் போயிற்று. தேர்வு அன்றைக்கு எஸ்தர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த கிளிப் நாலும் எங்கக்கா கிடைச்சது? கிடைச்சது என்றாள் வடிவு. அப்போது நெஞ்சுக்குள் குளிர்ந்தது, பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. மதினியிடம் என்ன சொல்வது? கடைக்காரன் அசலைத் தொலைத்துவிட்டான் என்று சொல்லலாம். சட்டம் போட்ட படத்தைக் கொடுத்து, இந்தப் படத்தை வண்டியில் ஏற்றிவிட்டால் எல்லாம் போயிற்று. அப்புறம் எதற்கு இந்த ஈரத்துணி? மாவாக இருந்தால் அலுங்காமல் எடுத்து, காயவைத்து, தலையோடு சேர்த்துப் பின்பக்கம் தாள் ஒட்டி, கோடு தெரியாமல் கொடுத்துவிடலாம் என்றுதான். மாவாக இருந்தால். ஒட்டின அன்றைக்குச் சாயங்காலம் போன் வந்தது. ஆமாம், போன் வந்தது, மதினி. வாசல் படியில் நின்று பேசினோம். படம் பத்திரமா இருக்காட்டி? இருக்கு மதினி. ஒரு கையில் போன், இன்னொரு கையில் கட்டை விரலால் ஆள்காட்டி விரல் நுனியைத் தேய்த்துக்கொண்டே, காய்ந்ததை உரித்துக்கொண்டே. உரிந்து வந்தது. பாம்புச் சட்டை மாதிரி மெல்லிசாக, விரல் ரேகையோடு, கண்ணாடியாக உரிந்து வந்தது. மாவுப் பசை உரியாது. மாவுப் பசை கழுவினால் போய்விடும். வடிவு எழுந்து துணியை நீக்கினாள். ஓரத்தில் பிளேடை வைத்தாள். விளிம்பு எழும்பவில்லை. சுற்றிலும் பால் மாதிரி வெள்ளை பூத்திருந்தது. வெள்ளைப் பசை காய்ந்தால் மறைந்துவிடும், நனைந்தால் மறுபடி வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். பிளேடு ஒரு புள்ளியின் கறுப்பைச் சுரண்டிவிட்டிருந்தது. அவள் கையை எடுத்துவிட்டாள். திரும்ப வேண்டாம் என்று நினைப்பதற்கு ஒரு பசை. நினைக்காமலே கை எடுத்திருக்கிறது.

"ஏட்டி வடிவு, கதவைத் தொற. வெயிலு மண்டையைப் பொளக்கு."

துணியை எங்கே போடுவது என்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டாள். படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். கதவைத் திறந்தாள். மதினி செருப்பைக் கழற்றிக்கொண்டே அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன, ஊறப்போட்ட துணி மாதிரி நிக்கே? எங்க என் தம்பி? திங்கதுக்கு மட்டும் வருவானோ?"

"பேங்க் வரைக்கும் போயிருக்காக மதினி. உக்காருங்க, காப்பி போடுதேன்."

"காப்பி கெடக்கு. கவுனைக் காட்டு."

கவுனைக் கொண்டுவந்து கொடுத்தாள். மதினி மடியில் விரித்து, தோள் இரண்டையும் தடவிப் பார்த்து, புள்ளியை ஒரு விரலால் தொட்டாள். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. வருஷா வருஷம் சொல்வதில்லை, மடியிலிருந்து எடுக்கவும் மாட்டாள். பிறகு சட்டம் போட்ட படம். மதினி கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். கடைக்காரன் பின்னால் நீலம் அடித்திருந்தான். கன்னத்தை வழவழப்பாக்கிச் சிவப்பேற்றியிருந்தான்.

"எவன் பெத்த பிள்ளை மாதிரியோ வெளுத்துப் போயி நிக்கா." கொஞ்ச நேரம் பார்த்தாள். "என் கை எங்கட்டி?"

"கையா மதினி?"

"தோளைப் பிடிச்சிருப்பேம்லா. கறுப்புத் துணிக்குள்ள குனிஞ்சு நின்னு நாந்தானே பிடிச்சேன், எலி மாதிரித் துள்ளுதா, போட்டோக்காரன் திட்டுதான். அதை எதுக்கு எடுத்தான் இந்த மூதி? பழசைக் கொண்டா."

"பழசு..." என்றாள் வடிவு. "கடையில..."

"கடையில?"

கடையில் தொலைத்துவிட்டான். வார்த்தை தயாராக இருந்தது, எத்தனையோ தரம் சொல்லிப் பழகிய வார்த்தை. மதினியின் கை கவுனின் தோள் மேல் கிடந்தது. முட்டி வீங்கி, நகம் மஞ்சளேறி, நாலு விரல். கட்டை விரல் பின்பக்கம் மடங்கி மறைந்திருந்தது, படத்தில் இருக்கிற மாதிரியே. வடிவு போய்ப் பலகையைத் திருப்பினாள். நடுவில் ஈரம் இன்னும் வெள்ளையாகப் பூத்திருந்தது.

மதினி எழுந்து வந்தாள். முதலில் என்ன என்று பிடிபடவில்லை, கொடியையும் சேலைகளையும் பார்த்தாள். பிறகு பிடிபட்டது.

"இது கவுனு."

"ஆமா மதினி."

"இது என் கை."

"ஆமா."

"தலை எங்க?"

இழுப்பறையிலிருந்து, தலைத் துண்டைப் போட்டு வைத்திருந்த கவரை எடுத்து நீட்டினாள். மதினி துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள், உட்கார்ந்து மாரில் அடித்துக்கொள்வாள் என்று வடிவு எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக நின்றாள். மின்விசிறிக் காற்றில் அந்தச் சின்ன முகம் பறந்துவிடாமல் மதினி கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஒட்டு."

"மதினி?"

"ஒட்டுன்னேன். வெட்டத் தெரிஞ்சவளுக்கு ஒட்டத் தெரியாதா?"

"சாயந்திரம் வண்டி வரும் மதினி. மதுரைக்கு... பெரிய ஹால்ல வைக்காக. இதைத் தேர்ந்தெடுத்திருக்காக." சொல்லி முடிப்பதற்குள் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"போட்டும். இவளும் மதுரை பாக்கலை. தலையோட போட்டும்."

தலைக்கு இடம் கொடிக்கு மேலே. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வெயிலாக்கின அந்த வானத்தில், அந்த வெறுமையில். அங்கே ஒரு முகம் வந்தால் கவுன் கவுனாக இருக்காது, கிளிப் கிளிப்பாக இருக்காது, யாரோ ஒரு பிள்ளை கொடிக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாள், படம் போயிற்று, எஸ்தர் என்ன சொல்வாள், கனம் எல்லாம் மேலே ஏறிவிடும், முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினால் ஒருவேளை... வடிவு தன் கண் பாதி மூடியிருப்பதை உணர்ந்தாள். திடுக்கிட்டுத் திறந்தாள். மதினி படத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பசை எடுத்துட்டு வாரேன்" என்று அடுக்களைக்குப் போனாள்.

மேடையில் இரண்டும் இருந்தன. காலையில் காய்ச்சி மூடி வைத்த மாவுப் பசைக் கிண்ணம், அதற்குப் பக்கத்தில் பாட்டில். கை கிண்ணத்தைத்தான் எடுத்தது. மதினி பார்த்துவிட்டுப் பஸ் ஏறினதும், வண்டி வருவதற்குள், ஈரத்துணி, கொஞ்ச நேரம், அலுங்காமல் எழும்பி வரும். இவ்வளவையும் கை யோசித்து முடித்திருந்தது. வடிவு கிண்ணத்தைப் பிடித்திருக்கும் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏட்டி," மதினியின் குரல் உள்ளே வந்தது, முதல் தடவையாக அது உடைந்திருந்தது, "பிஞ்சு கிஞ்சு வராதுல்லா?"

கிண்ணத்தை வைத்துவிட்டுப் பாட்டிலை எடுத்தாள். மூடி இறுகியிருந்தது. பல்லால் கடித்துத் திறந்தாள்.

"வராது மதினி."